பதின்மூன்றாம் சுருளின் கடைசிப் பாட்டு

எலி ஆண்டு, இரண்டாம் மாதம், நான்காம் நாள்
வகாசா, கடலோரப் பிக்குணி மடம்

பாட்டுக்கூடத்துத் தொகுப்பாளர் தோகிநாகா அவர்களுக்கு,

போன இலையுதிர் காலத்தில் என் கணவர் சுகெயோஷி இறந்தபோது நீங்கள் அனுப்பிய ஊதுவத்தியும் வெண்பட்டும் வந்து சேர்ந்தன. அதற்கு நன்றி சொல்லி எழுதியதே உங்களுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் என்று நினைத்திருந்தேன். தலையை மழித்துக்கொண்டவளுக்குத் தலைநகரோடு என்ன பேச்சு? ஆனால் முந்தாநாள் ஒன்று நடந்தது.

அக்கோ என்றொரு பெண் எங்கள் மடத்துக்கு வந்திருக்கிறாள். அவள் அண்ணன் உங்கள் பாட்டுக்கூடத்தில் படியெடுக்கிறவன். நாங்கள் இருவரும் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருக்கையில் அவள் தலைநகரத்துக் கதையெல்லாம் சொன்னாள். பேரரசர் ஆணையிட்ட தொகுப்பு முடியப் போகிறது, இருபது சுருள், அடுத்த மாதம் பதினாறாம் நாள், அரியணை விட்டிறங்கிய மூத்த பேரரசர் முன்னால் வைக்கப் போகிறார்கள் என்றாள். "காதல் பாட்டு மட்டுமே அஞ்சு சுருளாம் அக்கா. அதுல மூணாவதோட கடைசிப் பாட்டுதான் எல்லார் வாயிலயும். எங்கண்ணன் எனக்கு எழுதி அனுப்பிச்சான், கேளுங்க" என்று சொல்லிப் பாடினாள்.

வாயிலில் விழுந்த பனியில்
போன தடம் மட்டும்;
வந்த தடம் இல்லை.
கதவடைக்காமல்
விடிந்த பின்னும் நிற்கிறேன்.

"யார் பாடினது?" என்று கேட்டேன். "தொகுப்பாளர் தோகிநாகாவேதான்" என்றாள். கத்தி என் விரலில் இறங்கியதுகூட அவள் கத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பாட்டு உங்களுடையது இல்லை. என் கணவருடையது. உங்களுக்கும் தெரியும். பாட்டுப் போட்டியில் ஒருநாள் கைதட்டல் வாங்கியது வேறு. போட்டி முடிந்ததும் மறந்துவிடுவார்கள். பேரரசரின் தொகுப்பு அப்படி இல்லை. அதில் ஏறிய பெயரை ஆயிரம் ஆண்டுக்கு யாரும் அழிக்க முடியாது. அவர் பெயரைப் போடுங்கள். போட முடியாது என்றால் நான் சும்மா இருக்க மாட்டேன். திருமணத்துக்கு முன்பு நான் பணிசெய்த இளவரசியார் மூத்த பேரரசருக்கு அத்தை முறை. என் கையெழுத்தை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

மியோகன்

•

இரண்டாம் மாதம், பதின்மூன்றாம் நாள்
தலைநகர்

அண்ணிக்கு,

தொகுப்பாளர் அவர்களுக்கு என்று நீங்கள் எழுதினாலும் நான் அண்ணி என்றுதான் எழுதுவேன். சுகெயோஷியின் தாய்தான் எனக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். அவன் எனக்கு ஏவலாள் என்று ஊர் சொல்லும். எனக்கு அண்ணன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் திருடன் என்று நேராகச் சொல்லாமல் மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அங்கே இல்லை. நான் சொல்கிறேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், இதே மாதம். எனக்கு வயது இருபத்திரண்டு. அரண்மனையில் என் முதல் பாட்டுப் போட்டி, நான் இடப்பக்கத்து அணி. தலைப்பை அந்த இடத்திலேயேதான் கொடுத்தார்கள்: பனிநாளில் காத்திருத்தல். மையைத் தொட்டேன். ஒரு சொல்கூட வரவில்லை. எதிர் அணிக்காரன் எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். என் அப்பா திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நடைக்கு வந்தேன். சுகெயோஷி அங்கே என் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். அங்கியின் நெஞ்சு மடிப்புக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தான். என் சட்டைக்கையில் திணித்தான்.

"இதை வச்சுக்கோ தம்பி. யாரும் கேக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. அவன் கொடுத்தான். உள்ளே போய் அதை என் பாட்டாகக் கொடுத்தேன். நடுவர் எழுந்து நின்று சொன்னார்: "பனி விழறதுக்கு முன்னாடி வந்தவன், விழுந்தப்புறம் போயிருக்கான். ஒரு ராத்திரி மொத்தத்தையும் ஒரு தடத்துக்குள்ள வச்சுட்டாரய்யா!" அன்றைக்குத்தான், நொடித்துக் கிடந்த எங்கள் வீட்டுக்கு மறுபடி பேர் வந்தது. வகாசாவில் அவனுக்குத் துணை ஆளுநர் பதவி வாங்கிக் கொடுத்தது நான்தான். நன்றி மறந்தவன் இல்லை நான்.

இப்போது நீங்கள் கேட்பது நடக்காத காரியம். முதல் வரைவை மூத்த பேரரசர் பார்த்துவிட்டார். அந்தப் பாட்டின் தலைமேல் அவரே தம் கையால் பாராட்டுப் புள்ளி வைத்திருக்கிறார். காதல் மூன்றாம் சுருளை அதில்தான் முடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இனி அதைத் தொட்டால் என் பதவி மட்டும் போகாது, வீடே போகும்.

இளவரசியாருக்கு எழுத வேண்டாம். உங்கள் மடம் நிற்கிற நிலம் எங்கள் வீட்டுப் பட்டாவில் இருக்கிறது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவூட்டுகிறேன்.

தோகிநாகா

•

இரண்டாம் மாதம், இருபத்தேழாம் நாள்
வகாசா

தொகுப்பாளர் அவர்களுக்கு,

மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதினீர்கள். கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே உங்கள் காரியஸ்தர் ஹேய்தா வந்துவிட்டார். எங்கள் கூரையை நிமிர்ந்து பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். தூண்களை எண்ணினார்.

"என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. கோடைக்குள்ள இந்த இடத்துல உப்புக் கிட்டங்கி கட்டலாமான்னு பாக்கச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"எனக்கு யாரும்மா சொல்லுவாங்க? சோறு போடறவங்கதான் சொல்லுவாங்க. உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? பேசாம வாயை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க. எல்லாரும் நல்லா இருக்கலாம்."

இங்கே ஒன்பது பிக்குணிகள் இருக்கிறோம். மூத்தவருக்குக் கண் தெரியாது. ஹேய்தா போன பிறகு, வந்தவர் கப்பம் கேட்டாரா என்று அவர் என்னிடம் கேட்டார். இல்லை, கூரையைச் சரிசெய்யப் பார்க்க வந்தார் என்று பொய் சொன்னேன்.

பொய் என்று எழுதியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் கடிதத்தில் உங்களுக்கும் ஒரு பொய் எழுதியிருந்தேன்.

அந்தப் பாட்டு என் கணவருடையது இல்லை. உங்களுக்குக் கொடுக்க அவருக்கு உரிமையே இல்லை. நான் எழுதியது.

போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, பன்னிரண்டாம் மாதத்தில், எங்கள் மகள் இறந்தாள். மூன்று வயது நான்கு மாதம். ஐந்து நாள் காய்ச்சல். எங்களுக்கு ஒரு மகள் இருந்ததே உங்களுக்கு மறந்திருக்கும். ஒருமுறை உங்கள் மடியில் உட்கார்ந்து உங்கள் தொப்பியின் வாரைக் கடித்திருக்கிறாள். ஏழு வயதுக்குள் போகிற குழந்தைக்குச் சடங்கு கிடையாது, அழக்கூடாது என்றார்கள். விடிகாலையில் அவர் தம் பழைய வேட்டைச் சட்டையில் அவளைச் சுற்றி எடுத்துக்கொண்டு, துணைக்கு யாரையும் கூப்பிடாமல் மலையடிவாரத்துக்கு நடந்தார். முழங்கால் அளவு பனி. நான் வாயிலில் நின்றேன்.

அவள் அந்த வீட்டுக்குள்ளேயே பிறந்தவள். வாயில் வழியாக வந்தவள் இல்லை. போனபோதுதான் வாயில் வழியாகப் போனாள். வந்த தடம் எங்கிருந்து இருக்கும்?

பனியில் கிடந்தது என் கணவரின் தடம். அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். நடந்து போகிறவருக்குத் தம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தடம் எப்படித் தெரியும்? நடுவர் எழுந்து நின்று பாராட்டினாரே, முன்னிரவில் வந்து பின்னிரவில் போன காதலன், அப்படி ஒருவன் எங்கள் வாயிலுக்கு வரவேயில்லை.

தொகுப்பில் ஒவ்வொரு பாட்டையும் பக்கத்துப் பாட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று நீங்களே சொல்வீர்கள். அதற்கு முந்தைய பாட்டு எது என்று அக்கோவிடம் கேட்டேன். கணிகையின் கூந்தல் வாசனை தலையணையில் மிச்சமிருப்பதைப் பற்றியதாம். அதற்குப் பக்கத்தில் என் மகளைக் கிடத்தியிருக்கிறீர்கள்.

அவளை அங்கிருந்து எடுங்கள்.

மியோகன்

•

மூன்றாம் மாதம், நான்காம் நாள்
தலைநகர்

அண்ணிக்கு,

ஹேய்தாவை அனுப்பியது நான்தான். காரியஸ்தர் தாமாகச் செய்தார் என்று எழுத நினைத்தேன், தாளையும் எடுத்தேன். எழுதவில்லை. அவரைத் திரும்பி வரச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. முதல் நாள் நம்பவில்லை. பிக்குணி கெட்டிக்காரி, பேரை மாற்றிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் என் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் பன்னிரண்டாம் மாதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "சுகெயோஷிக்குக் காய்ச்சலாம், பதினோரு நாளாக வரவில்லை. வேறு யாருக்கும் என் குதிரையைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். குதிரையைப் பற்றி.

அவன் திரும்பி வந்த அன்று "இளைச்சுட்டியே" என்றேன். "கஞ்சி குடிச்சே கிடந்தேன்" என்று சிரித்தான். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்க எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சொந்த மகளுக்கான பாட்டை, பெற்றவள் எழுதியதை, எவனோ போட்டியில் மானம் காப்பாற்றிக்கொள்ள ஒருவன் எடுத்துக் கொடுப்பானா? நான் அறிந்த சுகெயோஷி அப்படிப்பட்டவன் இல்லை. நீங்கள் சொல்வது உண்மையானால் அவன் உங்களுக்குச் செய்தது நான் செய்ததைவிட மோசம். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். பாதி அப்படித்தான்.

பதினாறாம் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இருபது சுருளும் தாமரைத்தண்டு நிறப் பட்டில் கட்டித் தயாராக இருக்கின்றன. தலைமைத் தொகுப்பாளரிடம் பேசலாம் என்று அவர் வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன்.

தோகிநாகா

•

மூன்றாம் மாதம், எட்டாம் நாள்
வகாசா

தோகிநாகா அவர்களுக்கு,

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சாவு வீட்டுத் தீட்டு என்று தெரிந்தால் உங்கள் வாசலை மிதிக்க விடுவார்களா? உங்கள் முதல் போட்டியில் அவர் உங்களோடு இருக்க முடியாமல் போகும். அதனால் காய்ச்சல் என்றார். என்னையும் வெளியில் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி "குழந்தை எங்கே?" என்று கேட்டாள். ஊருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நான் சொன்னேன். பெற்றவள் வாயால் சொன்னேன்.

ஏன் கொடுத்தார் என்றும் கேட்டீர்கள். போட்டி நடந்த அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாயிலிலேயே நின்று சொன்னார்.

"அந்தச் சீட்டைக் குடுத்துட்டேன்."

"எந்தச் சீட்டை?"

"பாப்பா சீட்டை. தம்பி வாயே திறக்கல. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. என் கையில வேற எதுவும் இல்ல."

அந்தப் பனிக்காலையில் நான் எழுதிய சீட்டை அவர் இரண்டு மாதமாக நெஞ்சோடு வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல் மலை ஓடைகள் உருகும்வரை நான் அவரோடு பேசவில்லை. பேசின பிறகும் பழையபடி பேசவில்லை. அடுத்த மாதமே நீங்கள் வாங்கிக் கொடுத்த பதவி வந்தது. கொடுத்ததற்கு விலை வாங்கியது போல ஆயிற்று. அவரால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. பதினான்கு வருடம் அந்தப் பதவியில் ஒருவரிடம் ஒரு கூடை மீன்கூடக் கைநீட்டி வாங்கவில்லை. எதற்காக அப்படி இருந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

சாகக் கிடந்தபோது கேட்டார். "அதை மன்னிச்சிட்டியா?" நான் அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டுக் கஞ்சி எடுத்துவரப் போனேன். வந்து பார்த்தபோது பேச்சு நின்றிருந்தது.

இப்போது புரிகிறதா முதல் கடிதத்தில் ஏன் பொய் எழுதினேன் என்று? அந்தப் பாட்டு அவருடையது என்று ஆகிவிட்டால், அவர் உங்களுக்குச் செய்தது கொடை. என்னுடையது என்றால் திருட்டு. மன்னிக்காமல் அவரைத் திருடராகவே சாக விட்டுவிட்டேன்; அதனால்தான் அவர் பெயரைக் கேட்டேன். அவர் செய்தது மோசம் என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த மோசத்தில் பங்கு போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் செத்துப்போனார்.

இளவரசியாருக்கு எல்லாவற்றையும் எழுதி முத்திரை வைத்துவிட்டேன். பத்தாம் நாள் அக்கோ தலைநகருக்குக் கிளம்புகிறாள். உப்பிட்ட கானாங்கெளுத்தி மீன் சுமக்கிறவர்களோடு மலையைக் கடந்தால் மூன்று நாள்.

மியோகன்

•

மூன்றாம் மாதம், இருபத்தொன்றாம் நாள்
தலைநகர்

அண்ணி,

இதை என் வீட்டிலிருந்து எழுதவில்லை. மாமனார் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அலங்காரம் பண்ணத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் மூத்த பேரரசர் திரைக்குப் பின்னால் அமர்ந்தார். தொகுப்பாளர்கள் ஐந்து பேரும் வரிசையில் இருந்தோம். ஒவ்வொரு சுருளிலும் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் வாசிப்பவர் பாடிக்கொண்டே வந்தார். அக்கோ வந்துசேர்ந்திருப்பாள், இளவரசியார் வீட்டு ஆள் எந்த நேரமும் வரலாம் என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்றாவதாக, காதல் மூன்றாம் சுருளைப் பிரித்தார்கள். கடைசிப் பாட்டின் முதல் அடியைப் பாடினார். நான் நெற்றியைத் தரையில் வைத்தேன்.

"அது என் பாட்டு இல்லைங்க."

பக்கத்தில் தலைமைத் தொகுப்பாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நிமிந்து உக்காருய்யா! கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரோடது?"

"என் பால்சகோதரன் சுகெயோஷியோட மனைவி பாடினதுங்க. காதல் பாட்டும் இல்லைங்க. செத்துப்போன குழந்தைக்குப் பாடினது."

"பதினாலு வருஷமா உன் பேர்லதானே இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க."

பாட்டை மறுபடி பாடச் சொன்னார். பாடினார்கள். மூன்றாம் முறையும் பாடச் சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை. கூடத்தில் யாரோ விசிறியை மடக்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடி வந்தவன், பின்னாடி போனவன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். குழந்தையைப் பறிகொடுத்தவ பாட்டுக்கு என்னைச் சிரிக்க வச்சுட்ட நீ." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "இவன் பேரு இந்தத் தொகுப்புல எங்கயும் இருக்கக் கூடாது."

என் பாட்டுகள் வேறு பதினொன்று இருந்தன. அவை என்னுடையவைதான். அங்கேயே கத்தி வைத்து வெட்டினார்கள். வெட்டிய இடங்களைச் சேர்த்துப் பசை தடவினார்கள். கீழே விழுந்த துண்டுகளை நானே பொறுக்கிச் சட்டைக்கைக்குள் போட்டுக்கொண்டேன். அரண்மனைக்குள் நுழையும் உரிமை போயிற்று. குடியிருந்த வீடு போயிற்று. வகாசா நிலம் போயிற்று. உங்கள் மடத்து நிலமும் அதில் சேர்த்தி. இனி உங்களுக்கு யார் உடையவராக வருவார், எப்படிப்பட்டவராக இருப்பார் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னேன், அதற்கான தண்டனையில் உங்களுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது.

பாட்டை எட்டாம் சுருளுக்கு, இரங்கல் பாட்டுகளுக்குள் கொண்டுபோனார்கள். தலைக்குறிப்பை நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள்: "மகள் இறந்த காலை, வாயிலில் பனியைப் பார்த்துப் பாடியது." பிறகு எழுத்தர் தூரிகையை நனைத்துக்கொண்டு கேட்டார். "பேரு என்னன்னு போடட்டும்?"

வாயைத் திறந்தேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை. மியோகன் என்பது நேற்று வந்த துறவுப் பெயர். இருபது வருடமாக அண்ணி என்று கூப்பிட்டிருக்கிறேன். அதற்கு முன்பு நீங்கள் யாராக இருந்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுத்தர் காத்திருந்தார். தூரிகையிலிருந்து மை சொட்டிவிடும் போல இருந்தது. "சுகெயோஷியின் மனைவி" என்றேன். அப்படியே எழுதிவிட்டார்கள்.

அவன் பெயர் உள்ளே வந்துவிட்டது. நீங்கள் கேட்டபடி வரவில்லை. உங்களுக்கு இது சரியா, தப்பா என்று தெரியவில்லை. அக்கோவுக்குப் பயந்து சொன்னேனா, வேறு எதனாலாவது சொன்னேனா என்றும் எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

தோகிநாகா

•

நான்காம் மாதம், இரண்டாம் நாள்
வகாசா

தம்பிக்கு,

அக்கோ கிளம்பவில்லை. பத்தாம் நாள் காலையில் அவள் மூட்டை கட்டியபோது அந்தக் கடிதத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் உங்களுக்குக் கத்தி காட்டி, நீங்கள் கழுத்து நீட்டி, அப்படி வருகிற நியாயம் எனக்கு எதற்கு என்று தோன்றியது. தன்னை ஏன் நிறுத்தினேன் என்று அக்கோ இன்னும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் பயந்து பார்த்த கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிய உடையவரின் காரியஸ்தர் நேற்று வந்தார். யார் என்று பார்த்தால் ஹேய்தா! "என்னம்மா பண்றது, நிலத்தோட என்னையும் சேத்து எழுதிட்டாங்க" என்றார். உப்புக் கிட்டங்கிப் பேச்சு இல்லையாம். வருடத்துக்குப் பத்து வண்டி விறகு கேட்கிறார்கள். ஒன்பது பேரும் மலைக்குப் போய் வெட்டினால் கொடுத்துவிடலாம். கண் தெரியாத மூத்தவர் தாமும் வருவதாகச் சொல்கிறார். விறகைக் கட்டுவதற்கு, உட்கார்ந்த இடத்தில் கை இருந்தால் போதுமாம்.

"சுகெயோஷியின் மனைவி" என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளை மடிக்காமல் வைத்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. எனக்கென்று ஒரு பெயர் இருந்தது, என் அம்மா வைத்தது. பிறகு அவர் கல்லறைக்குப் போய் அதை வாய்விட்டுப் படித்தேன். தலைக்குறிப்பு, பெயர், பாட்டு, அந்த வரிசையில். அவர் கேட்ட கேள்விக்கு அங்கே நின்று பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

உங்களுக்கும் அதே பதிலை எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். உங்கள் பதினொரு பாட்டுகளையும் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். இங்கே மழைக்காலத்தில் படிக்க ஒன்றுமே இல்லை.

என் பெயர் தெரியவில்லையே என்று தவித்ததாக எழுதியிருந்தீர்கள். என் பெயர் போகட்டும். என் மகள் பெயர் கோஹகி. அதைத் தொகுப்பில் சேர்க்கச் சொல்லவில்லை. அந்தப் பெயரைச் சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன். இனி நீங்களும் இருக்கிறீர்கள்.

அண்ணி